ஈட்டிக்கு முன்னால் குழாய்: அட்லாண்டிக்கில் சிங்கமீன் வேட்டை

சிங்கமீனைக் குத்துவது சிரமமான காரியமே இல்லை. லயன்ஃபிஷ் என்று படகுகளில் எல்லோரும் சொல்லும் இந்த மீன், ஆளைக் கண்டதும் சங்கராவைப் போலத் தெறித்து ஓடாது. முதுகு முட்களை விரித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே நிற்கும். முள்ளைப் பார்த்து எதிரிதான் விலக வேண்டும் என்பது அதன் பிறவிக் கணக்கு. அரை மீட்டர் தூரத்திலிருந்து குத்தக்கூடிய மீனுக்குப் பெரிய குறிபார்க்கும் திறமை தேவையில்லை. அதனால் இந்த அத்தியாயத்தில் குறிபார்ப்பது பற்றிக் கொஞ்சமே இருக்கும். ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது: குத்திய மீனை எதில் போடுகிறீர்கள், அதற்குள் சிலிண்டரில் எவ்வளவு காற்று தீர்ந்திருக்கிறது, படகேறிய பிறகு யார் கை எங்கே போகிறது. ஆகவே திட்டத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குப் போடுங்கள். மீன் போய்ச் சேர வேண்டிய குழாயை முதலில் முடிவு செய்யுங்கள். எத்தனை மீன், எவ்வளவு ஆழம், எப்போது மேலே வருவது என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

மீனைப் பற்றித் தெரிய வேண்டிய அளவு

சிங்கமீனின் தாயகம் இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கின் மேற்குப் பகுதியும். அட்லாண்டிக்கில் அது முதலில் பதிவானது 1985இல், புளோரிடாவின் டேனியா கடற்கரைக்கு அருகே. அலங்கார மீன்தொட்டிகளிலிருந்து கடலுக்கு வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். 2004இல் பஹாமாஸ், 2009இல் புளோரிடா கீஸ் தீவுகள் என்று பரவி, இன்று கரீபியன் முழுவதும் இருக்கிறது. ஒரு பெண்மீன் சில நாட்களுக்கு ஒருமுறை முட்டையிட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் முட்டைகளை விடுகிறது. பஹாமாஸின் சிறு பாறைத் திட்டுகளில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், சிங்கமீன் விடப்பட்ட திட்டுகளில் ஐந்தே வாரத்தில் புதிதாக வந்து சேரும் உள்ளூர்க் குஞ்சுகள் 79 சதவீதம் குறைந்திருந்தன. இந்த மீனை வேட்டையாடச் சொல்வதற்கு இதுவே காரணம்.

உடலில் மொத்தம் 18 நச்சு முட்கள்: முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் பக்கத்துக்கு ஒன்றாக 2, வாலுக்கு முன்னால் அடிப்புறத்தில் 3. விசிறிபோல் விரியும் பெரிய பக்கத் துடுப்புகளே கண்ணை மிரட்டும். அவற்றில் நஞ்சு இல்லை. புதியவர் அந்தப் பக்கத் துடுப்புக்குப் பயந்து கையை விலக்கி, கீழே இருக்கும் மூன்று குட்டை முட்களில் மாட்டிக்கொள்வார். முள்ளின் இருபுறமும் ஓடும் பள்ளத்தில் நச்சுத் திசு இருக்கிறது, அதன்மேல் மெல்லிய தோலுறை. முள் தைக்கும்போது உறை பின்னால் தள்ளப்பட்டு நஞ்சு காயத்துக்குள் போகிறது. இதற்கு மீன் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. செத்த மீனின் முள்ளும், பனிக்கட்டிப் பெட்டியில் கிடக்கும் மீனின் முள்ளும் அதே வேலையைச் செய்யும்.

முதலில் விதி, பிறகு கடல்

புளோரிடாவில் இந்த வேட்டைக்கு அரசே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தடி ஈட்டி, ஹவாயன் ஸ்லிங், கைவலை அல்லது சிங்கமீனுக்கென்றே செய்த குத்துக்கருவி கொண்டு பிடித்தால் பொழுதுபோக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை. அளவுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. ஆனால் எங்கே வேண்டுமானாலும் ஈட்டியோடு இறங்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கீ லார்கோவின் பென்னிகாம்ப் பூங்காவில் ஈட்டி மீன்பிடிப்பு கிடையாது. கீஸ் கடல் சரணாலயத்தின் சில பகுதிகளில் சிங்கமீனுக்கும் தனி அனுமதி கேட்க வேண்டும். நாடு மாறினால் விதி தலைகீழாகிவிடும். பஹாமாஸில் ஸ்கூபா கட்டிக்கொண்டு ஈட்டி பிடிக்கக் கூடாது. மூச்சை அடக்கி இறங்குவோருக்கு மட்டுமே அது உண்டு. பொனேர் தீவில் ஈட்டி மீன்பிடிப்பே தடை. பயிற்சி பெற்று அனுமதிக்கப்பட்ட தன்னார்வலர்கள் மட்டும் சிறிய குத்துக்கருவியை எடுத்துச் செல்லலாம். ஆகவே படகுக்குப் பணம் கட்டும் முன், இறங்கப்போகும் இடத்தின் பெயரைச் சொல்லி அன்றைய விதியைக் கேட்டுவிடுங்கள். படகோட்டியின் வாய்மொழி போதாது. அபராதம் வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும்.

கருவிகள்

கடினமான பிளாஸ்டிக்கில் செய்த சேகரிப்புக் குழாயே முதல் செலவு. ஒரு முனை மூடியிருக்கும். மறுமுனையில் உள்நோக்கி வளையும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் இதழ்கள் இருக்கும். ஈட்டியோடு மீனை உள்ளே தள்ளி ஈட்டியை மட்டும் உருவினால், இதழ்கள் மீனைத் தடுத்து நிறுத்திவிடும். மீனைக் கை தொடவே வேண்டாம். வலைப்பை மலிவு, சுருட்டி வைக்கலாம், எடை இல்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதன் கண் வழியே முள் நீண்டு தொடையில் குத்தும் என்பதும் உண்மை. வலைப்பையோடு இறங்குபவருக்கு ஈட்டி எதற்கு என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அடுத்தது ஈட்டி. ஒரு மீட்டருக்குக் குறைவான நீளம், பின்னால் ரப்பர் வளையம், முன்னால் மூன்று அல்லது ஐந்து கூர் கொண்ட முனை. ஒற்றைக் கூர் மீனைத் துளைத்து வெளியேறும். மீன் தண்டோடு கைப்பக்கம் நழுவி வரும். பல கூர் முனை மீனை அடித்த இடத்திலேயே பிடித்து வைக்கும். விசைத் துப்பாக்கி இந்த வேலைக்கு வேண்டாம். இவ்வளவு கிட்டத்தில் அது மீனைத் தாண்டிப் பாறையைத்தான் உடைக்கும். இவற்றோடு முள் எளிதில் ஊடுருவாத கையுறை, டைவ் கொடி, அடைக்கும் மூடியுள்ள பனிப்பெட்டி, நீண்ட இடுக்கி, உறுதியான கத்தரிக்கோல், ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். இந்த வெந்நீரை மறந்துவிட்டுப் படகேறுபவர்களே அதிகம்.

குறிப்பு: கையில் எதுவும் இல்லாமல், துடுப்பை உதைக்காமல், பாறையைத் தொடாமல் அதன் முன்னால் அசையாமல் மிதக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஈட்டியை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். மிதப்பு கைவராதவர் ஈட்டியும் பிடித்தால் முதலில் சேதமாவது பவளம்தான்.

இறங்கியபின் வரிசை

1. இறங்கும் முன் கூட்டாளியோடு மூன்றைப் பேசி முடியுங்கள்: யார் குத்துவது, யார் குழாய் பிடிப்பது, காற்று எத்தனை பாரில் திரும்புவது. புதியவர்களுக்கு இருவரிடையே ஒரே ஈட்டி போதும். அடிமட்ட ஆழத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள். 32 சதவீத நைட்ராக்ஸ் நிரப்பியிருந்தால், வழக்கமான 1.4 பார் ஆக்ஸிஜன் வரம்புக்குச் சுமார் 33 மீட்டரே எல்லை. அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய மீன் நின்றாலும் அது உங்கள் மீன் இல்லை.

2. பகலில் சிங்கமீன் பாறை விளிம்புகளுக்கு அடியிலும், மூழ்கிய கப்பல்களின் நிழலிலும், பல நேரம் தலைகீழாகவும் ஒண்டியிருக்கும். விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து இரை தேடும். விளிம்பின் அடியைக் குனிந்து பாருங்கள். குகைக்குள்ளோ கப்பலறைக்குள்ளோ நுழையாதீர்கள். அஞ்சாலை குடியிருக்கும் பொந்தில் கையை விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

3. மீனைக் கண்டதும் உடனே ஈட்டியை இழுக்காதீர்கள். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: பவளமா, மணலா, கூட்டாளியின் கால் துடுப்பா? பின்புலம் சரியில்லை என்றால் கோணத்தை மாற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

4. ரப்பரைக் குத்துவதற்குச் சற்று முன்புதான் இழுக்க வேண்டும். இழுத்த ஈட்டியோடு நீந்தக் கூடாது. முனையை மீனிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு மெதுவாகக் கொண்டுபோய், தலைக்குப் பின்னால், செவுள் மூடியை ஒட்டிக் குறிவையுங்கள்.

5. குத்தியதும் மீனைப் பாறையில் அழுத்தித் தேய்க்காதீர்கள். முனை உங்கள் கையைவிடத் தாழ்ந்தே இருக்கட்டும். முனையை உயர்த்தினால் மீன் தண்டு வழியே கைக்கு வரும்.

6. குழாயின் வாய் மீனிடம் வர வேண்டும். குழாயைப் பிடிப்பவர் அதன் அடியையோ பக்கக் கைப்பிடியையோ பிடிக்கட்டும், வாயருகே விரல் வேண்டாம். மீன் தலை முன்னால் போகுமாறு முழுவதும் உள்ளே தள்ளி, கால் திருப்பு திருப்பி, ஈட்டியை உருவுங்கள்.

7. மீட்டரைப் பாருங்கள்: காற்று, ஆழம், நேரம். பார்த்தபின்தான் அடுத்த மீன்.

8. குழாய் முக்கால் நிரம்பியதும், அல்லது காற்று பேசிவைத்த அளவைத் தொட்டதும், எது முன்னால் வருகிறதோ அப்போது வேட்டை முடிந்தது. ஈட்டி முனையில் உறை போட்டு, வழக்கமான வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று மேலே வாருங்கள். ஏணியில் கால் வைக்கும் முன், ஈட்டியையும் குழாயையும் தனித்தனியாக, முனை கீழ்நோக்கியபடி, படகிலுள்ளவர் கையில் கொடுங்கள்.

தவறுகள் எங்கே நேர்கின்றன

மேலே சொன்ன வரிசையில் ஏழாவது படியைத் தாண்டிக் குதிப்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. சாதாரண முக்குளிப்பில் பார்வை அலையும், கை சும்மா இருக்கும், மீட்டரைப் பார்க்க நினைவு வரும். வேட்டையில் கவனம் முழுக்க ஒரு பொந்தின் மேல் குவிகிறது. மூச்சு வேகமாகிறது, காற்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்கிறது. பெரிய சிங்கமீன்கள் ஆழத்தில் இருப்பது வழக்கம் என்பதால், ஒன்றையடுத்து ஒன்றாகப் போகும்போது திட்டமிட்ட ஆழம் தெரியாமலே நழுவும். முள் குத்தினால் வலிக்கும். காற்று தீர்ந்தாலோ, நிறுத்தம் செய்யாமல் ஏறினாலோ உயிரே போகலாம். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில் பலர் வரிசையை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு தவறு, சந்தேகமான குத்து. “பட்டால் பட்டது, போனால் போகிறது” என்று குத்திப் பார்ப்பது மற்ற மீனுக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. திரும்பத் திரும்ப வேட்டை நடந்த பஹாமாஸ் பாறைத் திட்டுகளில், மிஞ்சிய சிங்கமீன்கள் பகலில் இன்னும் உள்ளே ஒளிந்து, நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தப்பிய மீன் பாடம் கற்றுக்கொள்கிறது. அடுத்து வருபவருக்கு அது கிடைக்காது. குத்தத் தயங்கிய மீன் நாளைக்கும் அங்கேயே நிற்கும்.

மூன்றாவது, முனையில் ஒரு மீன் துடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலுள்ள இன்னொன்றையும் சேர்த்துக் குத்துவது. காணொளிகளில் பார்க்கச் சாமர்த்தியமாகத் தெரியும். இரண்டு மீன், 36 முள், ஒரு குறுகிய தண்டு. எதை எங்கே திருப்புவது என்று அப்போதுதான் தெரியாமல் போகும்.

முள் குத்திவிட்டால்

வலி உடனே வரும், கடுமையாக வரும், முதல் மணி நேரத்தில் ஏறும். வீக்கமும் சிவப்பும் சகஜம். குமட்டல், தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தால் அது அவசரம்.

1. கூட்டாளிக்குச் சைகை காட்டி முக்குளிப்பை முடியுங்கள். ஆனால் வலியில் மேலே பாயாதீர்கள். ஏறும் வேகமும் பாதுகாப்பு நிறுத்தமும் அப்படியே இருக்கட்டும்.

2. படகில் ஏறியதும் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றுங்கள். வீக்கம் வந்தபின் கழறாது. கண்ணுக்குத் தெரியும் முள் துண்டை இடுக்கியால் எடுத்து, நல்ல நீரில் கழுவுங்கள்.

3. காயத்தை, பொறுக்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரி செல்சியசைத் தாண்டாமல், 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்துங்கள். இந்த நஞ்சு புரதம், சூட்டில் சிதையும். சூட்டைக் காயம்படாத கையால் சோதியுங்கள். வலியில் மரத்த கை, வெந்து போவதைச் சொல்லாது.

4. வலி குறைந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். முள் உள்ளே ஒடிந்திருக்கலாம், தொற்று வரலாம், டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். ஒவ்வாமையின் அறிகுறி தெரிந்தால் வெந்நீருக்குக் காத்திராமல் அவசர உதவியை அழையுங்கள். முக்குளிப்பவர்களுக்கான டான் அமைப்பின் அவசர எண்ணைக் கரையிலேயே தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

தனியாக வேட்டைக்குப் போகாதீர்கள் என்பது இதனால்தான். வலியில் துடிப்பவர் தன் மீட்டரைத் தானே பார்க்க மாட்டார்.

படகிலும் சமையலறையிலும்

முள் குத்துவது நீருக்கடியில்தான் என்று நினைக்காதீர்கள். மேலே வந்த பிறகே எச்சரிக்கை தளர்கிறது. குழாயைக் கவிழ்ப்பதும், ஆடும் தளத்தில் நழுவிய மீனைக் காலால் தடுப்பதும் அப்போதுதான். குழாயை நேராகப் பனிப்பெட்டிக்குள் கவிழ்த்து மூடியை அடையுங்கள். அதில் வேறு தின்பண்டமோ தண்ணீர்ப் புட்டியோ இருக்கக் கூடாது. பிறகு ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, பலகையில் வைத்து, முதுகு முள் பதின்மூன்றையும், அடிமுள் மூன்றையும், வயிற்று முள் இரண்டையும் அடியோடு வெட்டுங்கள். எண்ணிக்கொண்டே வெட்டுவது நல்லது. வெட்டிய முட்களைத் தடித்த டப்பாவில் போட்டு மூடிக் குப்பையில் சேர்க்கவும். பிளாஸ்டிக் பை வேண்டாம், குப்பை எடுப்பவருக்கும் கை உண்டு.

நஞ்சு முள்ளில் மட்டுமே, சதையில் இல்லை. வெள்ளைச் சதை, மென்மையான ருசி. வறுவலுக்கும் குழம்புக்கும் நன்றாகவே இருக்கும். ஒரு விலக்கு உண்டு. சிகுவாட்டெரா என்னும் மீன்நச்சு உள்ள கடற்பகுதிகளில் பெரிய கொன்றுண்ணி மீன்கள் எல்லாவற்றுக்கும் உள்ள ஆபத்து இதற்கும் உண்டு; அது சமைத்தாலும் போகாது. உங்கள் பகுதியில் அந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று உள்ளூரில் கேளுங்கள்.

சில மறுப்புகள்

“நல்ல கையுறை இருந்தால் குழாய் எதற்கு?” முள் ஊசியைப் போலக் கூர்மையானது. கையுறை விபத்தின் அளவைக் குறைக்கும், விபத்தைத் தடுக்காது. குழாய் இருந்தால் கை மீனருகே போவதே இல்லை. முன்னது சிகிச்சைச் செலவைக் குறைக்கும், பின்னது மருத்துவமனைப் பயணத்தையே தவிர்க்கும். இரண்டும் ஒன்றல்ல.

“நீருக்கடியிலேயே முள்ளை வெட்டிவிட்டுக் கொக்கியில் கோத்துக்கொண்டால்?” சிலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் மீனைப் பிடித்து வெட்ட இரண்டு கை வேண்டும், அதற்குக் கண் முழுக்க வேண்டும். மீட்டரைப் பார்க்க மூன்றாவது கண் இல்லை. கோத்த மீனிலிருந்து கசியும் இரத்தம் சுறாவையும் அழைத்து வரும்.

“கொன்று போட்டால் சுறாவும் களவாவும் தின்று பழகி, பிறகு அவையே வேட்டையாடுமே?” இந்த வாதம் கவர்ச்சியானது, ஆனால் நடப்பது வேறு. கையிலிருந்து வாங்கித் தின்னும் சுறா, உயிருள்ள சிங்கமீனைத் தேடக் கற்றுக்கொள்வதைவிட, ஈட்டியோடு வரும் மனிதரைத் தேடவே சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. அடுத்த வாரம் அதே பாறைக்கு வரும் வேறொருவரை அது வட்டமிடும். புளோரிடாக் கடலில் முக்குளிப்பவர் மீனுக்கு இரை போடுவது சட்டப்படியே குற்றம்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இது: 300 மீட்டர் ஆழத்திலும் சிங்கமீன் இருக்கிறது, அங்கே எந்த ஸ்கூபாவும் போகாது, முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்து வரும், பிறகு இந்த வேட்டையால் என்ன பயன்? ஒழித்துவிடலாம் என்பவருக்கு இதற்குப் பதில் இல்லை, ஒழிக்க முடியாது. ஆனால் ஒழிப்பது நோக்கமாக இருக்க வேண்டியதில்லை. பஹாமாஸின் எலூத்ரா தீவருகே 24 பாறைத் திட்டுகளில் 18 மாதம் நடந்த ஆய்வில், சிங்கமீனை 75 முதல் 95 சதவீதம் வரை குறைத்து வைத்த திட்டுகளில் உள்ளூர் இரைமீன்களின் மொத்த எடை 50 முதல் 70 சதவீதம் கூடியது. குறைக்காத திட்டுகளில் அது சரிந்தது. தொடக்கத்திலேயே வேட்டையைத் தொடங்கிய பொனேரில், வேட்டை நடந்த இடங்களின் சிங்கமீன் அளவு, பக்கத்துத் தீவான குராசோவைவிட நான்கு மடங்கு குறைவாக இருந்தது. முழுக் கடலையும் காக்க முடியாதவர் ஒரு பாறையைக் காக்க முடியும், அதே பாறைக்குத் திரும்பத் திரும்பப் போனால். ஒரே நாளில் குழாயை வழிய நிரப்பும் ஆவேசத்தைவிட, மாதந்தோறும் அதே இடத்துக்குப் பத்திரமாகத் திரும்பி வரும் வேட்டைக்காரரே பாறைக்கு வேண்டியவர். காயம்பட்டவரும், காற்று தீர்ந்து பயந்தவரும் திரும்பி வருவதில்லை. குழாயிலிருந்து திட்டம் போடச் சொன்னது இதனால்தான்.

எங்கே ஈட்டியை எடுக்கக் கூடாது

இந்த அத்தியாயம் அட்லாண்டிக்குக்கும் கரீபியனுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் மட்டும். சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள்ளும் சிங்கமீன் புகுந்திருக்கிறது. சைப்ரஸ் கரையில் அகற்றும் பணிகள் நடக்கின்றன, அங்கே அந்நாட்டு விதிகளைக் கேட்டு நடக்கவும். மன்னார் வளைகுடா, இலங்கைக் கடல், அந்தமான், செங்கடல் எல்லாம் அதன் சொந்தக் கடல். அங்கே அதற்குப் பழகிய இரையும் எதிரியும் உண்டு, எண்ணிக்கை தானே கட்டுக்குள் நிற்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவும்கூட. அங்கே சிங்கமீனைப் பார்த்தால் ஒரு மீட்டர் தள்ளி நின்று படமெடுத்துக்கொண்டு நகருங்கள். ஈட்டி படகிலும் இருக்கக் கூடாது.